மூணு கண் பாலத்துக்கு ஒரு படம்



சென்ற இதழில் நான் எழுதிய தண்ணீர்த் தொட்டிக் கணக்கைப் படித்துவிட்டு மூன்று பேர் போன் செய்தீர்கள். அதில் இரண்டு பேர் கூட்டல் பிழையைச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தீர்கள். முப்பத்து நான்கு வருடம் வங்கியில் பேரேடு எழுதியவனுக்கு இது தேவைதான். ஆகவே இந்த முறை கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாலத்தைப் பற்றி எழுதுகிறேன்.

மார்கழி கடைசியில் ஒரு நாள் காலை, ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஒரு கால்வாய், அதன் குறுக்கே வளைவு வளைவாக ஒரு பழைய கல் பாலம், கைப்பிடிக் கம்பியில் சாய்த்து வைத்த சைக்கிள்கள். எல்லாவற்றின் மீதும் பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. படத்துக்குக் கீழே, "மாமா, ஆபீஸ் போற வழியில எடுத்தேன். நம்ம மூணு கண் பாலம் எப்படி இருக்கு? ஒரு படம் அனுப்புங்க" என்று எழுதியிருந்தான். சின்ன வயதில் லீவுக்கு வரும்போதெல்லாம் வாரியில் தண்ணீர் ஓடினால் அவன் அந்தப் பாலத்தடியில்தான் கிடப்பான். அக்கா குச்சியோடு போய் இழுத்து வருவாள்.

அனுப்பிவிடலாம் என்று என் போனில் தேடினேன். நாலாயிரத்துச் சொச்சம் படங்கள் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள், கல்யாண விருந்து இலை, மின் கட்டண ரசீது, வெள்ளிக்கிழமை வாழ்த்து எல்லாம் உண்டு. இருபத்தாறு வருடமாகத் தினமும் கடக்கிற பாலம் ஒன்றில்கூட இல்லை. சரி, எடுத்தே அனுப்பலாம் என்று மறுநாள் காலை ஆறேகாலுக்குக் கிளம்பிப் போனேன். பனி மூட்டம். பாலத்தின் நடுத் தூணில் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக ஓர் எண்ணும், அம்புக்குறியும். முந்தின வாரம் வந்து அளந்து குறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அகலமான புதிய பாலம் வரப்போகிறது.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புதிய பாலம் கேட்டு நம் சங்கம் கொடுத்த மனுவில் நாலாவது கையெழுத்து என்னுடையது. பழைய பாலத்தில் ஒரு மாட்டு வண்டி போகும், இரண்டு போகாது. போன வருடம் மழைக்காலத்தில் ஓர் இரவு ஆம்புலன்ஸ் அக்கரையிலேயே நின்றுவிட, நம் தெருக்காரர் ஒருவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நாலு பேர் பாலத்தைக் கடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆகையால் பாலத்தை இடிக்காதே என்று எழுத நான் உட்காரவில்லை. அதை ஒரு படம்கூட எடுத்து வைக்காமல் இடிக்கக் கூடாது என்பதுதான் என் பேச்சு.

இந்த ஆசை நமக்கு முன்னாலேயே ஒருவருக்கு இருந்திருக்கிறது. அவர் நம் ஊருக்கே வந்து போயிருக்கிறார்.

அவர் பெயர் லினேயஸ் ட்ரைப். 1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் காலாட்படையில் அதிகாரி. புகைப்படம் என்ற சங்கதி உலகத்துக்கே புதிதாக இருந்த காலத்தில் அதைக் கற்றுக்கொண்டார். 1855-ல் பர்மா மன்னர் மிண்டோனின் தலைநகரமான அமரபுரத்துக்குக் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி ஒரு தூதுக்குழுவை அனுப்பியபோது, ட்ரைப்பைப் படமெடுக்கக் கூடவே அனுப்பினார்கள். அங்கே ஏரியின் குறுக்கே நீண்டு கிடக்கும் மரப்பாலத்தைப் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். ட்ரைப் போன காலத்தில் அது புத்தம் புதியது. மழையும், காய்ச்சலும், பிரயாண அலைச்சலும் போக, அந்தப் பயணம் முழுவதிலும் தமக்குக் கிடைத்த வேலை நாட்கள் முப்பத்தாறுதான் என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். அதற்குள் எடுத்தவற்றிலிருந்து 120 படங்களைத் தேர்ந்து தொகுப்பாக்கினார்.

இதைப் பார்த்துத்தான் மதராஸ் அரசு 1856-ல் அவரை அரசாங்கப் புகைப்படக்காரராக நியமித்தது. மாகாணத்தில் உள்ள பழைய கட்டடங்களையும் சிற்பங்களையும், அவை மறைந்துபோவதற்கு முன்னால் படமெடுத்து வைக்க வேண்டும் என்பதே அவருக்கு இட்ட வேலை. தொல்பொருள் ஆராய்கிறவர், கட்டடம் கட்டுகிறவர், வரலாறு எழுதுகிறவர் என எல்லோருக்கும் அவை பயன்பட வேண்டும்.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வடக்கே சிப்பாய்க் கலகத்தின் சண்டைகள் ஓயாத சமயம் அது. ராயக்கோட்டை, சேலம் பக்கம், ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி ஏப்ரல் வாக்கில் மதராஸ் போய்ச் சேர்ந்தார். அந்தப் படங்கள் ஊர்வாரியாக 1858-லேயே தொகுதிகளாக வெளிவந்தன. அதில் ஒரு தொகுதி முழுக்கப் புதுக்கோட்டைக்கு. திருமயத்துக் காட்சிகளும் அதில் உண்டு. ராமச்சந்திர தொண்டைமான் ஆண்ட காலம். சேஷய்யா சாஸ்திரி 1878-ல் திவானாக வந்து குளங்களைத் தூர்வாரித் தெருக்களை நேராக்கியதற்கு இருபது வருடம் முந்தைய ஊர். அவர் கை படுவதற்கு முன்னால் நம் சமஸ்தானம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால், இந்த மனிதர் வண்டி கட்டி வந்ததால்தான் பார்க்க முடிகிறது.

எனக்குப் பிடித்த படம் புதுக்கோட்டைத் தொகுதியில் இல்லை, மதுரைத் தொகுதியில் இருக்கிறது. 1858 ஜனவரி–பிப்ரவரியில் எடுத்தது. வைகை ஆறும், அதன் குறுக்கே மதுரைக்குப் போகும் தரைப்பாலமும். தை, மாசி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அதே பனிக்காலம்.

மீனாட்சி கோயில் கோபுரங்களையும், நாயக்கர் மகாலையும், புதுமண்டபத்தையும் எடுக்க வந்த ஆள், ஆற்றைக் கடக்கிற ஒரு தாழ்ந்த பாலத்துக்கு எதற்காக ஒரு நெகடிவைச் செலவு செய்தார்? அதில் சிற்பம் கிடையாது, கல்வெட்டு கிடையாது. மக்களும் மாடுகளும் கடக்கும் வழி, அவ்வளவுதான். முப்பது வருடம் கழித்து 1889-ல் ஆல்பர்ட் விக்டர் பாலம், அதாவது நாம் ஏ.வி. பாலம் என்று சொல்லும் கல் வளைவுப் பாலம் வந்தது. மதுரைக்குள் நுழைகிற விதமே மாறிப்போனது. அதற்கு முன்னால் ஆற்றைக் கடந்தது எப்படி என்று கேட்கிறவனுக்கு ட்ரைப்பின் இந்த ஒரு தாள் பதில் சொல்கிறது. வங்கி பாஷையில் சொன்னால், பற்று எழுதியதற்கு வவுச்சர் இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஒரு படம் எடுப்பதென்றால் என்ன பாடு என்பதையும் சொல்ல வேண்டும். பிலிம் கிடையாது. பர்மாவில் அவர் கொண்டுபோனது மெழுகேற்றிய காகித நெகடிவ். நல்ல காகிதத்தை மெழுகில் ஊறவைத்து, அயோடைடு உப்புக் கரைசலில் தோய்த்து, வெள்ளி நைட்ரேட் ஏற்றி, இருட்டில் உலர்த்தி, பெட்டிக் கேமராவில் பொருத்த வேண்டும். இந்தப் பயணத்தில் கண்ணாடி நெகடிவும் கூட இருந்தது. படத்தை இப்போதுபோல் பெரிதாக்க முடியாது. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய நெகடிவ் வேண்டும். அவருடைய பெரிய நெகடிவ்கள் ஒரு பக்கம் ஓர் அடிக்கு மேல் நீளம். கேமரா ஒரு சின்ன டிரங்குப் பெட்டி அளவு இருந்திருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை வரிசையாக எடுத்து, இருபத்தொரு படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கியிருக்கிறார். இன்று போனில் பனோரமா என்று விரலால் தட்டி எடுக்கிறோமே, அதை அவர் கத்தரியும் பசையும் கொண்டு செய்தார்.

இன்னொரு வேடிக்கை. அந்த நெகடிவ்களுக்கு நீல நிறத்தின் மேல் மிஞ்சிய பசி. வானம் முழுக்க வெறும் வெள்ளையாகத்தான் விழும், மேகம் விழாது. ட்ரைப் என்ன செய்தார் என்றால், நெகடிவின் மேல் தூரிகையால் சாயம் தொட்டு மேகத்தை வரைந்துவிட்டார். மரத்து இலைகளையும் அப்படியே துலக்கினார். படத்தில் கைவைப்பது இப்போதைய பிள்ளைகள் கண்டுபிடித்த வித்தை என்று நினைக்க வேண்டாம்.

நெகடிவுக்கு வெளிச்சம் ஏறக் கணிசமான நேரம், பல சமயம் நிமிடக் கணக்கில் ஆகும். அத்தனை நேரமும் கேமரா அசையக் கூடாது. எதிரே நடந்துபோகிறவன் படத்தில் விழமாட்டான், அல்லது புகைபோல விழுவான். ஓடும் தண்ணீர் கண்ணாடிபோல மழுங்கிவிடும். அதனால்தான் அந்தக் காலப் படங்களில் நம் கோயில் வாசல்கள் ஆளே இல்லாத ஊர்போல இருக்கின்றன. ஆள் இருந்திருப்பார்கள், நெகடிவுக்குத்தான் அவர்களுக்காகக் காத்திருக்கப் பொறுமை இருந்தது, அவர்களுக்கு அதற்காக நிற்கப் பொறுமை இருந்திருக்காது.

இப்போது அக்கா மகன் படத்துக்கு வருகிறேன். அதில் விழுந்துகொண்டிருக்கும் பனித் திவலைகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. இதே பாலத்தின் முன்னால் இதே பனியில் ட்ரைப்பின் கேமராவை வைத்திருந்தால் ஒரு திவலைகூடப் பதிந்திருக்காது. தரையில் தங்கிய பனி விழும், கொட்டுகிற பனி விழாது. வேகமான உலர் தகடுகள் 1880-களில் கடைக்கு வந்த பிறகுதான் கொட்டும் பனியைப் பிடிக்க வழி பிறந்தது. 1893 பிப்ரவரி 22 அன்று நியூயார்க்கில் ஆல்பிரெட் ஸ்டீக்லிட்ஸ் என்பவர் கையில் பிடிக்கும் சின்னக் கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு, பனிப்புயலில் ஐந்தாவது அவென்யூவில் மூன்று மணி நேரம் நின்றார். குதிரை வண்டி ஒன்று பனியைக் கிழித்துக்கொண்டு எதிரே வருகிறவரை நின்று எடுத்த அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. கேமரா சொந்தம்கூட இல்லை, இரவல்.

ஆம்ஸ்டர்டாமிலேயே பிரெய்ட்னர் என்று ஓர் ஓவியர் இருந்தார். அவருக்குத் தெருவில் கேமராவோடு திரிவது பழக்கம். எடுத்த படங்களைப் பார்த்து ஓவியம் தீட்டுவார். சிங்கல் என்ற கால்வாய் மேல் உள்ள பாலத்தைப் பனிக்காலத்தில் அவர் தீட்டிய ஓவியம் இன்று அங்குள்ள ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. பாலத்தின் மேல் ஒரு பெண் நம்மை நோக்கி நடந்து வருகிறாள், பாதி உடம்பு சட்டத்துக்கு வெளியே. பழகாத கண்ணுக்கு யாரோ அவசரத்தில் போட்டோ எடுத்ததுபோல இருக்கும். முதலில் அவளை ஒரு வேலைக்காரப் பெண்ணாகத்தான் வரைந்தாராம். விற்பனைக்காரர் யோசனை சொல்ல, உரோமக் கோட்டுப் போட்ட சீமாட்டியாக மாற்றிவிட்டார். பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் உடனே புரிந்துவிடும்.

அந்த ஊரில் பாலம் ஆயிரத்துக்கு மேல். நடு நகரத்துக் கால்வாய் வளையம் 2010-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கேயும் நம் பிரச்சினைதான் என்று அக்கா மகன் சொல்கிறான். கை வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் கட்டிய பாலத்திலும் கரையிலும் லாரி ஓடுகிறது. 2020 செப்டம்பரில் கிரிம்பர்க்வால் என்ற இடத்தில் கால்வாயின் கரைச்சுவர் அப்படியே சரிந்து தண்ணீரில் விழுந்தது. அதற்குப் பிறகு பழைய பாலங்களையும் கரைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, எடை கட்டுப்பாடு போட்டு, பிரித்துக் கட்டுகிறார்கள். பிரிப்பதற்கு முன் படமும் அளவும் எடுப்பதை வேலையின் ஒரு பகுதியாகவே வைத்திருப்பதாகச் சொன்னான்.

நமக்குப் பக்கத்தில் கால்வாய் ஓடும் நகரம் என்றால் தஞ்சாவூர். மேட்டூர் அணை 1934-ல் முடிந்ததையொட்டி வெட்டிய கல்லணைக் கால்வாய், ஊர்க்காரர்கள் வாயில் புது ஆறு, நகரத்துக்கு நடுவே போகிறது. நம் மாவட்டத்துக் கடைமடைக்கு வரும் காவிரித் தண்ணீர் அதே கால்வாயில் அந்த நகரத்தைக் கடந்துதான் வருகிறது. என் உத்தியோகத்தில் ஆறு வருடம் தஞ்சாவூர். ஸ்டேஷனுக்கும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் அந்தக் கால்வாயின் மேல் இருந்தது இர்வின் பாலம். ஆற்றுப்பாலம் என்றால்தான் கண்டக்டருக்குப் புரியும். வைஸ்ராய் இர்வின் பெயர். காலையில் ரயிலை விட்டு இறங்கி அதன் மேல் நடப்பேன், மாலையில் திரும்ப நடப்பேன். ஜூன் மாதம் தண்ணீர் திறந்துவிட்டால் அலுவலகத்துக்குத் தாமதமானாலும் இரண்டு நிமிடம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று பார்ப்பேன். செம்மண் நிறத்தில் நுரையோடு முதல் தண்ணீர் வரும் அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் அந்தப் பாலத்தை இடித்துவிட்டுப் புதிது கட்டினார்கள். வாகன நெரிசலுக்கு அது வேண்டியதுதான். ஒரு கல்யாணத்துக்குப் போனபோது புதுப் பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். எந்த இடத்தில் சாய்ந்து நின்றேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆறு வருடத்தில் ஒரு படம் எடுத்திருக்கலாம். அப்போது என்னிடம் ஹாட்ஷாட் கேமரா ஒன்று இருந்தது. முப்பத்தாறு படம் உள்ள பிலிம் ரோல் விலை, கழுவுகிற கூலி, பிரிண்ட் கூலி எல்லாம் கூட்டிப் பார்த்து, பாலத்துக்குப் போய் ஒரு படத்தைச் செலவழிப்பதா என்று விட்டுவிட்டேன். விசேஷத்துக்கு மட்டும்தான் கேமராவை வெளியே எடுப்பது.

இப்படி யோசித்தவன் நான் மட்டுமல்ல என்பது ஒரு ஆறுதல். 1859-ல் மதராஸ் கவர்னராக வந்தவர் சார்லஸ் ட்ரெவெல்யன். லண்டனில் கஜானா இலாகாவில் வருஷக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவர். கலகத்துக்குப் பிறகு அரசாங்கத்தின் பணப்பை காலி. வந்ததும் செலவுப் பட்டியலைப் புரட்டினார். புகைப்படம் என்பது இப்போதைய நிதி நிலைமைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று சொல்லி நிறுத்திவிட்டார். ட்ரைப் 1860-ல் கூடத்தை மூடினார். அதன் பிறகு அவர் இப்படிப் பெரிய அளவில் படமெடுக்கவே இல்லை. நாற்பது வருடத்துக்கு மேல் இருந்து 1902-ல் காலமானார். 2014-ல் வாஷிங்டனிலும் பிறகு நியூயார்க்கிலும் லண்டனிலும் அவர் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள்.

ட்ரெவெல்யனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். கிளையில் புதுப்பித்தல் வேலை வந்தபோது, ராஜா காலத்து அம்மன் காசு படம் போட்ட ஒரு பழைய காலண்டரையும், மூட்டை மூட்டையாகப் பழைய பேரேடுகளையும் கழிவுக்குப் போடச் சொல்லிப் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டவன் நான். விதிமுறைப்படி காலம் முடிந்த ஏடுகள். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஏடுகளில் 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வாரத்து வரவு செலவு இருந்ததா என்று ஒருமுறை புரட்டிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. எடைக்குப் போனது எத்தனை கிலோ என்பது மட்டும் சரியாக எழுதி வைத்தேன்.

நம் பாலத்துக்கு வருவோம். அன்று காலையில் பெயிண்ட் எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி, தையல் டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். மூன்று கண். ஒவ்வொரு கண்ணும் சுமார் ஏழடி. தூண்கள் நம் பக்கத்துச் செம்புராங்கல், சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியது. மேலே பாவியிருப்பது கருங்கல் பலகை, ஒன்பது. அதில் ஒன்று விரிசல் விட்டு, அடியில் தண்டவாளத் துண்டு கொடுத்துத் தாங்கியிருக்கிறார்கள். மேல் பலகைகளில் வண்டிச் சக்கரம் ஓடி ஓடி இரண்டு தடம் குழிந்திருக்கிறது. தடங்களுக்கு நடுவில் நாலே காலடி. கிழக்குத் தூணின் அடிக்கல்லில் உளியால் செதுக்கிய மீன் ஒன்று இருக்கிறது. இருபத்தாறு வருடம் அதன் மேலேயே நடந்திருக்கிறேன், இறங்கிப் பார்த்த அன்றுதான் மீன் தெரிந்தது. பால்காரரிடம் காட்டினேன். "அதுவா சார், மீன் தலை முங்கிடுச்சுன்னா குளம் நிறையப் போவுதுன்னு எங்க அப்பாரு சொல்லும்" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாம் மனை வாங்கி வந்தவர்கள். நமக்கு யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

மாசி முடியும்வரை பனி இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளமும் வாரியும் நனைந்து கிடக்கின்றன. மேகமில்லாத, காற்றில்லாத இரவு வாய்த்தால் விடியற்காலையில் அந்தப் பள்ளத்தில் பனி கட்டி நிற்கும். ஏழரைக்கெல்லாம் கலைந்துவிடும். பின்னால் இருக்கும் செல்போன் கோபுரம், புதுக் கட்டடங்கள், கம்பிகள் எல்லாவற்றையும் பனி மறைத்துக்கொண்டு பாலத்தை மட்டும் விட்டுவைக்கும் அந்த ஒரு மணி நேரம் படத்துக்குத் தோதான நேரம். எடுக்க வருகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்.

போன் கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர வெளிச்சமாக்கப் பார்க்கும். ஆகவே வெள்ளைப் பனி, அங்கே கொட்டும் பனியானாலும் இங்கே மூடும் பனியானாலும், அழுக்குச் சாம்பலாக விழும். திரையில் பாலத்தைத் தொட்டால் சின்னதாக ஒரு சூரியக் குறி வரும். அதை விரலால் கொஞ்சம் மேலே தள்ளுங்கள், பனி வெளுக்கும். பிளாஷ் போடாதீர்கள், எதிரே வெள்ளைத் திரை போட்டதுபோல் ஆகிவிடும். ஏ.சி. அறையிலிருந்து போனை நேரே வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் வியர்த்துவிடும். பத்து நிமிடம் பொறுத்து, வேட்டி நுனியால் துடைத்துவிட்டு எடுங்கள். அழகான படம் ஒன்று எடுத்தால், அழகில்லாத படம் நான்கு எடுக்க வேண்டும்: ஒவ்வொரு கண்ணையும் நேராக, மேல் பலகைகளை, விரிசலை, மீனை. ஒவ்வொன்றிலும் அளவு தெரிய ஏதாவது ஒன்றை வைக்க வேண்டும். நான் என் குடையை வைத்தேன். மூன்றடிக் குடை. எல்லாப் படத்திலும் குடை இருப்பதைப் பார்த்து அக்கா மகன், "மாமா, மழையா?" என்று கேட்டான்.

செதுக்கிய மீன் உள்ள அந்த அடிக்கல்லை மட்டும் உடைக்காமல் எடுத்துத் தரும்படி வேலைக்கு வருகிறவர்களிடம் கேட்கச் சங்கச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். புதுப் பாலத்தில் அதே மட்டத்தில் பதிக்க வேண்டும். பூங்காவில் கொண்டுபோய் வைத்தால் அதற்கு வேலை கிடையாது. இதுபற்றி வரும் மாதக் கூட்டத்தில் பேச இருக்கிறோம், வாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். பாலத்தை எடுக்க வேண்டும் என்று யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். காது குத்து, பெண் அழைப்பு, புது ஸ்கூட்டர் என்று எடுத்ததில் பின்னால் பாலம் நிற்கலாம். கொண்டு வந்தால் என் மகள் அரை மணியில் ஸ்கேன் செய்து கையோடு கொடுத்துவிடுவாள். இதுவரை ஒன்று வந்திருக்கிறது. மூன்றாவது தெருவிலிருந்து, 1983-ஆம் வருடக் கல்யாண ஆல்பம். அலங்கரித்த அம்பாசடர் கார் பாலத்தில் ஏற முடியாமல் இக்கரையிலேயே நிற்கிறது, மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். பின்னால் பாலத்தின் இரண்டு கண்கள் தெளிவாகத் தெரிகின்றன. வாரியில் தண்ணீர் மீனுக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது. மூன்றாவது கண்ணை மாப்பிள்ளையின் தாய்மாமன் மறைத்துக்கொண்டு நிற்கிறார்.